பாய்க்கு அடியில் போன தலைப்புகள்

போன வாரம் காலேஜ் வேலையாக மெட்ராஸ் போயிருந்தேன். ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் லைப்ரரியில் புதிதாகக் கம்ப்யூட்டர் தேடல் வந்திருக்கிறது என்று சொல்லி, எங்கள் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் என்னை அனுப்பி வைத்தார்கள். ஏ.சி. போட்ட அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குக் கூட இவ்வளவு பயந்து நுழைந்ததில்லை.

உள்ளே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம் வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். அதைப் பற்றி உலகத்தில் எந்தெந்தப் பத்திரிகையில் யார் யார் கட்டுரை எழுதியிருக்கிறார்கள் என்று டெலிபோன் வழியாக எங்கோ ஒரு தேசத்தில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கேட்டாள். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றது.

அப்புறம் அந்தப் பெண் திரும்பி என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்:

"எந்த வரிசையில சார் வேணும்?"

 

லைப்ரரியில் வைத்து யாராவது கண் கலங்குவார்களா? கலங்கினேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மூன்று வருஷம் முந்தின கதை. என் தங்கை வசந்தியை இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பே பார்த்திருக்கிறீர்கள் — நான் எழுதுவதில் பாதி பொய் என்று எனக்கே கடிதம் போட்டவள். மண்டபத்தூர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அவள் கணவர் ராஜேந்திரன், எங்கள் மாப்பிள்ளை, திருநள்ளாறு பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிறார். பி.ஏ. படித்தவர். பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

ஒரு நாள் மத்தியானம் வசந்தி அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது குரல் மூக்கால் வந்திருக்கிறது. பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. சளி என்று நினைத்தாள். அடுத்த வாரம் சாயங்காலம் ஆனால் இமை தானாக இறங்க ஆரம்பித்தது. அதற்கடுத்த வாரம் இட்லியை மென்றுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காலையில் எழுந்தால் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் ஆனால் எல்லாம் தளர்ந்துவிடும்.

தூக்கமில்லை என்றார்கள். ரத்தமில்லை என்றார்கள். எங்கள் அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர் நளினிதான், மேலே பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு அவள் கண்ணையே கவனித்தார். சற்று நேரத்தில் இரண்டு இமையும் இறங்கிவிட்டன. டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. பெயரைப் படித்துவிட்டு ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று இமையைப் பார்க்கப் போகிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கேட்டது. ஆனால் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார் — இந்த நோயைப் படித்திருக்கிறேன், இதுவரை ஒருவருக்கும் பார்த்ததில்லை. என்னிடம் இருக்கும் புத்தகத்தில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மூச்சு விடுகிற தசைக்கு இது போய்விட்டால் ஆபத்து. போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி.

அவருடன் படித்த ஒருவர் டெல்லியில் இருந்தார். அங்கே ஒரு கம்ப்யூட்டரில் உலகத்து மருத்துவப் பத்திரிகைகளின் கட்டுரைகளைப் பற்றிய விவரம் சேர்த்து வைத்திருந்தார்கள். டாக்டரம்மா எழுதிக் கேட்டார். சில வாரம் கழித்துத் தபாலில் ஒரு கட்டு வந்தது.

நீங்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஓரம் முழுக்க ஓட்டை. மடிப்பு மடிப்பாக, பிரித்தால் பந்திப் பாய் மாதிரி நீண்டுகொண்டே போகிறது. அதில் தலைப்பு, எழுதியவர் பெயர், பத்திரிகையின் பெயர் — அவ்வளவுதான். கட்டுரை கிடையாது. எது வேண்டும் என்று சொன்னால் டெல்லி நண்பர் தேடிப் பிடித்து ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவார். எல்லாவற்றையும் கேட்க முடியுமா? அவரும் வேலை பார்க்கிற மனுஷர். ஒரு பத்துப் பன்னிரண்டு கேட்கலாம் என்றார் டாக்டரம்மா.

கம்ப்யூட்டர் அதை எந்த வரிசையில் கொடுத்திருந்தது தெரியுமா? புதுசு முதலில், பழசு கடைசியில். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. எலிக்குக் கொடுத்துப் பார்த்ததும் இருந்தது, குழந்தைகளுக்கு வந்ததும் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எது வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே காரைக்கால்மேட்டிலிருந்து வந்தவர்களும் கிராமத்து ஜனங்களும் வராந்தா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர் அந்தக் காகிதக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டார். நீங்கள் இங்கிலீஷ் படிக்கிறவர், அடுக்கிக் கொண்டு வாருங்கள், முக்கியமானது மேலே இருக்கட்டும், மேலே இருப்பதைத்தான் நான் கேட்டு எழுதுவேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தருமபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வேலை ஆரம்பமானது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு தலைப்பையும் தனித்தனியாக வெட்டினேன். பறக்காமல் இருக்க ஃபேனை நிறுத்தினோம். வேர்வை ஊற்றியது. மருந்து ஒரு பக்கம், ஆபரேஷன் ஒரு பக்கம், பெண்களுக்கு வந்தது ஒரு பக்கம், எலிகள் தூரமாக ஒரு மூலையில். ஒவ்வொரு குவியலின் மேலும் அம்மா பல்லாங்குழிச் சோழியை வைத்தாள். பிரெஞ்சில் சில தலைப்புகள் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது; எங்கள் தெருவிலேயே பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற வீடு இருக்கிறது. கேட்டால் அர்த்தம் சொல்லிவிடுவார்கள். இந்த ஊரில் பிறந்ததற்கு அப்படியும் ஒரு சௌகரியம்.

வெட்டுவது நான். படித்துப் பார்த்து எந்தக் குவியல் என்று வைப்பது மாப்பிள்ளை. உடம்பு சரியில்லாததால் எங்களோடு வந்து தங்கியிருந்த வசந்தி ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். இமை பாதி மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தோம்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களில் பல வீட்டிலும் இருக்கும். அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். அரிசி நிறைஞ்சிருக்கு என்போம். விளக்கை அணை என்று சொல்ல மாட்டோம். குளிர வை என்போம். வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் போகிறேன் என்று சொல்லக்கூடாது. வேண்டாத வார்த்தையை வாயால் சொன்னால் அது வீட்டுக்குள் வந்துவிடும் என்று ஒரு பயம். நானும் கெமிஸ்ட்ரி வாத்தியார்தான். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் மாப்பிள்ளை இந்த விஷயத்தில் எங்கள் எல்லாரையும் மிஞ்சியவர். பயிர் கருகிய வருஷம் விளைச்சல் எப்படி என்று கேட்டதற்கு, 'வயலுக்கு ஓய்வு கொடுத்திருக்கு' என்று சொன்ன ஆள்.

அந்த ஆள் கையில் தலைப்புகள். சிலவற்றில் குணம் என்று இருந்தது, முன்னேற்றம் என்று இருந்தது. சிலவற்றில்... சாவு என்று இருந்தது. பிரேதப் பரிசோதனை என்று இருந்தது.

குனிந்து வெட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பார்த்தபோது அடுக்கு வெகு அழகாக இருந்தது. மேலே எல்லாம் நல்ல தலைப்புகள். படிக்கப் படிக்க எனக்கே தெம்பு வந்தது. பரவாயில்லை, உலகம் பூராவும் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். காலையில்தான் வசந்தியின் குரல் சரியாக இருக்கும் என்று சொன்னேனே... கட்டிலில் எழுந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"அண்ணே, பாய்க்கு அடியில இருக்கறதையும் எடுத்துட்டுப் போங்க."

எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். அம்மா வெற்றிலைத் தட்டைப் பார்த்தாள். கூடத்து மூலையில் விரித்திருந்த பாயின் ஓரத்தில் அந்தத் தட்டு இருந்தது — அம்மா எப்போதும் அங்கே வைக்க மாட்டாள். அப்போதுதான் விளங்கியது. மாப்பிள்ளை ஒளித்திருக்கிறார். அம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தட்டைத் தூக்கி அதன் மேல் வைத்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பாதி மூடிய இமைக்குள்ளிருந்து அத்தனையையும் வசந்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பேச்சு எதற்கு என்றார் மாப்பிள்ளை. நல்லதை நினைத்தால் நல்லது நடக்கும் என்றார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் போடவில்லை.  அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வசந்தி நிதானமாகத்தான் பேசினாள். மத்தியானத்துக்கு மேல் குரல் இருக்காது என்று தெரிந்தவள், சொல்ல வேண்டியதைக் காலையிலேயே சொல்லிவிடுவாள்.

"அவங்களுக்கும் எனக்கு வந்ததுதாங்க வந்துச்சு. அவங்க எதனால செத்தாங்கன்னு டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சாத்தானே, என்னை அந்தப் பக்கம் போகாம நிறுத்துவாங்க. பொழைச்சவங்க கதைய அப்புறம் படிச்சுக்கலாம்."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை அவள்தான் முதலில் சொன்னாள். தன்னையும் சேர்த்தே சொன்னாள்.

மாப்பிள்ளை எழுந்து கொல்லைப்பக்கம் போனார். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். தட்டை நகர்த்தி, பாயைத் தூக்கி, அத்தனை துண்டுகளையும் பொறுக்கினார். கசங்கியிருந்ததைத் தொடையில் வைத்து நீவிவிட்டார். என் கையில் இருந்த அடுக்கை வாங்கி, அதன் மேல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடியில் வைக்கவில்லை. மேலே வைத்தார்.

டாக்டரம்மா முதல் சில துண்டுகளைப் பார்த்துவிட்டு, யார் இப்படி அடுக்கியது என்று கேட்டார். வசந்தி என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வீட்டுக்காரர்கள் வழக்கமாக இதையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்றார். மேலே இருந்ததையெல்லாம் அப்படியே டெல்லிக்கு எழுதினார்.

ஜெராக்ஸ் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

வந்ததைப் படித்துவிட்டு டாக்டரம்மா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார் — என்னை இல்லை, மாப்பிள்ளையை. நானும் கூடப் போனேன். அந்தக் கட்டுரைகளில் இருந்தவர்களில் சிலர் நோய் முற்றிப் போனவர்கள் இல்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஓரளவு நன்றாக இருந்தவர்கள். காய்ச்சல் என்றோ கட்டி என்றோ வேறு எதற்கோ, இந்த நோயைத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் போடுகிற ஊசியைப் போட்டிருக்கிறார்கள். மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஊசி இவர்களுக்கு மூச்சை நிறுத்திவிட்டது. என் புத்தகத்தில் இருக்கும் அந்த ஒரு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது என்றார் டாக்டரம்மா.

எந்தெந்த ஊசி என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார். வாய்ப்பாடு மாதிரித் திரும்பச் சொல்ல வைத்தார். சொன்னார். அப்புறம் டாக்டரம்மா, நான் ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், கையில் ஊசியோடு வருகிறேன், என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளை, இந்த ஊசி இவளுக்கு ஒத்துக்காது என்றார்.

"ஒத்துக்காதுன்னா அரிப்பு வரும்னு நினைச்சுக்குவாங்க. என்ன ஆகும்னு சொல்லுங்க."

மாப்பிள்ளையின் உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. சட்டைக் காலர் நனைந்துவிட்டது. டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். சரிப்படாதுங்க என்றார். ஆபத்துங்க என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்தவர், வீடு வரைக்கும் அதைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

படித்தவன், படிக்காதவன் என்று இதில் வித்தியாசம் இருக்கிறதா? வரிசை என்றாலே நமக்குப் பிடித்தது மேலே வர வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் கீழே போய்விட்டது என்று உறவே அறுந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவரிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேளுங்கள் — நல்லதை முதலில் சொல்லுவார். மற்றதை நாமும் கேட்க மாட்டோம். பாய் இல்லாத வீடு எது?

அந்த ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்காக எல்லாரும் வெளியூர் போயிருந்தோம். ஊர் பெயர் வேண்டாம். மழை விடாமல் பெய்தது. வசந்திக்கு இருமலோடு காய்ச்சல் வந்து, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பஸ் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் உள்ளே பிரசவ கேஸில் இருந்தார். வாசலிலேயே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி ஊசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நர்ஸ் மருந்துப் புட்டியை உடைத்தாள்.

மாப்பிள்ளை புட்டியை வாங்கிப் பெயரைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த ஊசி இவளுக்கு ஒத்துக்காதுங்க என்றார். முதலில் துளி மருந்து போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடுவோம், பயப்படாதீர்கள் என்று நர்ஸ் சொன்னாள். அவள் பேரில் தப்பில்லை. எல்லாரும்தான் ஒத்துக்காது என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வசந்தியின் கையைப் பிடித்துப் பஞ்சால் துடைத்துவிட்டாள். சாயங்கால நேரம். வசந்திக்குக் குரல் இல்லை. கண் மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதைப் போட்டா என் பொஞ்சாதி செத்துப்போயிருவா."

நர்சிங் ஹோம் முழுக்கக் கேட்டது. பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காத மனுஷர். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவர் நிறுத்தவில்லை — நோயின் பெயரைச் சொன்னார், மூச்சு நின்றுவிடும் என்றார், இதே மாதிரி ஊசி போட்டுச் செத்திருக்கிறார்கள் என்றார், புத்தகத்தில் வந்திருக்கிறது என்றார். ஒரு தடவை வந்த வார்த்தை அப்புறம் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் கையைக் கூடத் துடைக்காமல் ஓடி வந்தார். முழுதாகக் கேட்டார். வேறு மருந்து மாற்றினார். காரில் ஆள் போட்டு, அந்த மழையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியும் வைத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் வசந்தியை உள்ளே கொண்டுபோன பிறகு, மாப்பிள்ளை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். சின்னப் பையன் மாதிரி அழுதார்.

"என் வாயாலயே சொல்லிட்டேனே, மச்சான்..."

நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். சொன்னதால்தான் அவள் உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல நினைத்தேன். 

வசந்தி இப்போதும் மண்டபத்தூரில்தான் டீச்சராக இருக்கிறாள். காலை வகுப்புகள் மட்டும் எடுக்கிறாள். முறுக்கு கடிக்க முடியாது. சில நாள் இமை இறங்கிவிடும். பிள்ளைகள் சிரிப்பதில்லை, டீச்சர் கண் மூடினால் சத்தம் போடக்கூடாது என்று அதுகளே ஒரு சட்டம் வைத்திருக்கின்றன. நோய் போகவில்லை. என்றைக்காவது ஜெயித்துவிடுமோ என்ற பயமும் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

மெட்ராஸ் லைப்ரரியில் தண்ணீரைக் குடித்து முடித்ததும் அந்தப் பெண் மறுபடியும் பொறுமையாகக் கேட்டாள். புதுசு முதலில் வேண்டுமானால் தரலாம், எழுதியவர் பெயர் வரிசையில் வேண்டுமானால் தரலாம், பத்திரிகை வரிசையும் உண்டு. சொல்லப் பயப்படுவதை முதலில் போட முடியுமா என்று கேட்டேன். அப்படி ஒரு வரிசை இதில் இல்லையே சார் என்று கவலையாகச் சொன்னாள். சரி, எப்படிக் கொடுத்தாலும் ஒன்றையும் விடாமல் கொடம்மா, வீட்டில் போய் அடுக்கிக்கொள்கிறோம் என்றேன்.

ஊர் திரும்பிய அன்று வசந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை அரிசிப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். "அரிசி நிறைஞ்சிருக்கு, மச்சான். போயிட்டு வந்துடுறேன்" என்றார்.

அரிசி விஷயத்தில் அவர் மாறவே இல்லை. ஊசியோடு யாராவது வந்தால் மட்டும், முதல் வார்த்தையே அன்று நர்சிங் ஹோமில் சொன்ன அந்த வார்த்தைதான்.